பேர் வெட்டிய டம்ளரை வைத்து ஒரு தொழில்: செட்டிநாட்டில் குப்பை சேர்க்காமல் சம்பாதிப்பது எப்படி

குப்பையில்லாத வாழ்க்கையை வைத்து ஒரு தொழில் தொடங்க நினைக்கிறீர்களா, முதலில் கடைக்கு இடம் பார்க்காதீர்கள், பெயர்ப்பலகை எழுதக் கொடுக்காதீர்கள், இன்ஸ்டாகிராம் பக்கமும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள் காலை அந்த வீட்டின் பின்வாசலில் போய் நில்லுங்கள். காரைக்குடியோ தேவகோட்டையோ பள்ளத்தூரோ, முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் நம் பக்கத்துப் பெரிய வீடுகளில், முன்னால் நடந்த விசேஷத்தில் எவ்வளவு வீணானது என்பது பின்தெருவுக்குப் போனால்தான் தெரியும். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, என்னென்ன கிடக்கிறது என்று எழுதுங்கள்.

வாழை இலை குவிந்திருக்கும், மாடு தின்றுகொண்டிருக்கும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பக்கத்தில் பாருங்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு மூடி போட்ட குட்டித் தண்ணீர் பாட்டில்கள், காபி குடித்த பேப்பர் கப், பாயசம் குடித்த கப், ஐஸ்கிரீம் கப், அதற்கு ஒரு கரண்டி, மேஜையில் விரித்த காகிதச் சுருள், தாம்பூலம் போட்டுக் கொடுத்ததில் மிஞ்சிய பைகள், மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டிய தெர்மாகோல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏறக்குறைய எத்தனை என்று எண்ணிக்கை போடுங்கள். இந்த மாதிரி நாலு விசேஷ வீடு பார்த்துவிட்டால் உங்கள் தொழில் திட்டம் அந்த நோட்டிலேயே இருக்கும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். மூங்கில் பல்துலக்கி, ஸ்டீல் ஸ்ட்ரா, விதை வைத்த பென்சில் என்று வெளியூரிலிருந்து கூரியரில் வரவழைத்து வீட்டு முன்னறையில் அடுக்கினேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒவ்வொரு சாமானையும் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஆறு மாதத்தில் விற்றதெல்லாம் சொந்தக்காரர்கள் எனக்காக வாங்கியதுதான். அப்போது ஒரு வீட்டில் பெரிய ஆச்சி ஒருவர் சொன்னதுதான் என்னைத் திருப்பிப் போட்டது. "ஏம்மா, இரண்டாங்கட்டு அறையத் தெறந்து காட்டவா? அறுநூறு டம்ளர் கெடக்கு. எடுக்கவும் கழுவவும் எண்ணி வைக்கவும் ஆள் இல்ல. அதனாலதான் பேப்பர் கப் வாங்குறோம். நீ டம்ளர் விக்காத, ஆள் கொண்டா."

நம் ஊரில் சாமானுக்குப் பஞ்சமே கிடையாது. எவர்சில்வர், பித்தளை, மங்கு (பீங்கான் பூச்சுப் பூசிய இரும்புச் சாமான்) என்று அறை அறையாகக் கிடக்கிறது. குறைந்துபோனது வேலை பார்க்கும் கை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வீட்டில் இருப்பது வயதான இரண்டு பேர், விசேஷத்துக்கு மட்டும் பூட்டைத் திறக்கிற வீடுகளும் நிறைய. அதனால் இங்கே குப்பையில்லாத் தொழில் என்பது பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்து, கழுவி, எண்ணி, திரும்பக் கொண்டுவருகிற தொழில். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் விவரம்தான்.

இதற்கு வேண்டிய வழக்கமும் நம்மிடமே இருந்தது. எங்கள் அப்பத்தா எந்தப் பாத்திரம் வாங்கினாலும் கடையிலேயே பேர் வெட்டித்தான் வாங்கிவரும். நாலு வீட்டுச் சாமான் ஒரு விசேஷத்தில் கலந்தாலும் அடியைத் திருப்பிப் பார்த்து அவரவருடையது அவரவருக்குப் போய்ச் சேரத்தான் அந்த எழுத்து. வட்டிக்கடை வைத்த குடும்பங்கள் பேரேடு எழுதி, வருஷ முடிவில் ஐந்தொகை (வரவு, செலவு, கடன் எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கு) போட்டு முடித்த ஊர் இது. பேர் வெட்டுவதையும் பேரேட்டையும் மறுபடி கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசிச் செயலி எதுவும் தேவைப்படாது.

டம்ளரில் ஆரம்பியுங்கள்

தட்டு வாங்கிக் குவிக்காதீர்கள், இங்கே பந்தி இன்னமும் இலையில்தான் நடக்கிறது. தண்ணீர், காபி, பாயசம், ஐஸ்கிரீம் இந்த நாலுக்குத்தான் குப்பை விழுகிறது. எனவே முதல் வருஷத்துக்கு டம்ளர், சின்னக் கிண்ணம், கரண்டி போதும்.

எத்தனை வாங்குவது என்பதில்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஐந்நூறு பேர் விசேஷம் என்றால் ஐந்நூறு டம்ளர் வேண்டும் என்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள். பந்திக்கு நூறு பேர் உட்கார்ந்தால் நூறு டம்ளர் மேஜையில், நூறு கழுவும் இடத்தில், நூறு துடைத்துத் தயாராக, ஒரு ஐம்பது உபரி, ஆக முந்நூற்றைம்பது போதும். அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் எல்லோரும் கையில் வைத்திருக்கிற காபிக்கு மட்டும் கூடுதலாக வேண்டும், அதற்கு அந்த வீட்டிலேயே இருக்கிற டம்ளரைக் கேட்டு இறக்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று சிக்காத வடிவமாக, விளிம்பு மடித்ததாகப் பாருங்கள், விளிம்பு கூராக இருந்தால் கழுவுகிறவர் விரலை அறுக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். 202 தர ஸ்டீலிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் உப்பும் புளியும் படப்பட அது 304 தரத்தைப் போல நிற்காது. 304 வேண்டும் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய சாமான் எடுத்தாலும் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மரத்தூணையும் மங்குச் சாமானையும்தான் பார்ப்பார்கள். பழைய பாத்திரக்காரர்களிடம் சொல்லிவைத்தால் ஒரே மாதிரியான எவர்சில்வர் டம்ளர் கட்டுக்கட்டாக வரும். அந்தக் காலத்துக் கனம் இப்போது வருவதில் இல்லை. மங்கும் பித்தளையும் மட்டும் வாடகைக்கு வேண்டாம். மங்கு தட்டினால் பூச்சு பெயர்ந்துவிடும், பித்தளைக்கு ஈயம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பேர் வெட்டுங்கள். எழுத்து மட்டும் போதாது, வரிசை எண்ணும் போடுங்கள், நூறு நூறாக ஒரு பைக்கு ஓர் அடையாளம். இரண்டாவது விசேஷத்திலேயே இதன் அருமை தெரியும்.

என்ன விலை கேட்பது? டம்ளருக்கு இத்தனை ரூபாய் என்று வாடகை பேசாதீர்கள், கழுவுகிறவர் கூலிக்குக்கூட வராது. 'தண்ணீர்ப் பொறுப்பு' என்று முழுதாகப் பேசுங்கள்: தண்ணீர் கேன், டம்ளர், ஊற்ற ஆள், கழுவ ஆள், போகும்போது இடத்தைத் துடைத்துக் கொடுப்பது எல்லாம் சேர்த்து. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம், விலையை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்கு ஆளுக்கு ஒன்றரை பாட்டில், பாட்டில் 6 ரூபாய் என்றால் வீட்டுக்காரருக்கு 4,500 ரூபாய். அதே 4,500 கேளுங்கள். உங்கள் செலவு: இரண்டு பெண்களுக்குக் கூலி 1,400, சின்ன வண்டி 600, 20 லிட்டர் கேன் 13-க்கு 35 ரூபாய் வீதம் 455, கழுவும் பொருள் 100, தொலைகிற டம்ளருக்கு 200, பாத்திரம் மாற்றுவதற்கென்று தனியே 300. மொத்தம் 3,055. மிச்சம் 1,445. முதல் விசேஷத்திலேயே இந்த மிச்சம் வராது. மூன்றாவது நாலாவதில் வர ஆரம்பிக்கும், ஏனென்றால் முதலில் வண்டி இரண்டு தடவை ஓடும், ஒரு ஆள் கூடுதலாகத் தேவைப்படும், மறந்த சாமானை அவசரத்துக்கு விலை பார்க்காமல் வாங்குவீர்கள்.

காபி, பாயசம், ஐஸ்கிரீமுக்குத் தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஐஸ்கிரீமைப் பெட்டியாக வாங்கிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் கப்பும் கிடையாது, மரக்கரண்டியும் கிடையாது, விலையும் குறைகிறது. இதைச் சொல்லிவிட்டால் பேச்சே முடிந்துவிடும்.

எண்ணுவதுதான் தொழிலின் உயிர்

ஒரு மண்டபத்தில் நடந்த விசேஷத்துக்கு நாற்பது டம்ளர் குறைந்து திரும்பினேன். சமையல் கோஷ்டி தங்கள் அண்டா குண்டானோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது, மண்டபத்து அலமாரிக்குள் கொஞ்சம் போனது, கேட்டபோது யாருமே பொறுப்பு ஏற்கவில்லை. நானும் கொடுக்கும்போது எண்ணிக்கையில் யாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை, வாயால் சொன்னதோடு சரி. அன்றைக்கு வந்த காசு முழுவதும் அதிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் மாறாமல் செய்வது இதுதான். இறக்கும்போது வீட்டுக்காரர்களில் ஒருவரை (மாப்பிள்ளையின் அப்பா வேண்டாம், அவருக்கு அன்றைக்கு எதுவும் காதில் விழாது, ஒரு சித்தியோ அத்தையோ பார்த்துக்கொள்ளுங்கள்) பக்கத்தில் வைத்து எண்ணி, இரண்டு பிரதி எழுதி, ஒன்று அவர்களுக்கு. முன்பணம் வாங்கி, தொலைந்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிடுவது. கடைசிப் பந்திக்கு முன்னால் ஒரு தடவை எண்ணுவது, எல்லோரும் போனபிறகு எண்ணினால் தேட ஆள் இருக்காது. சமையல்காரரின் வண்டி கிளம்பும்போது அங்கே போய் நிற்பது. சமையல்காரரிடம் முகம் கோணாமல், "அண்ணே, நம்ம டம்ளர் ஏதாச்சும் உங்க அண்டாவுக்குள்ள போயிருக்கும், ஒருதரம் பாத்துருவோம்" என்றால் அவரே எடுத்துக் கொடுப்பார். அவரைப் பகைத்துக்கொள்ளவே கூடாது, அடுத்த விசேஷத்துக்கு உங்கள் பேரைச் சொல்லப்போவது அவர்தான்.

பேரேட்டில் ஒரு விசேஷத்துக்கு ஒரு பக்கம். போனது, வந்தது, உடைந்தது, தொலைந்தது, கூலி, வண்டி, மிச்சம். கூடவே இன்னொரு வரியும் சேருங்கள்: அன்றைக்கு நம்மால் தவிர்க்க முடியாத குப்பை எவ்வளவு. ஒரு தூக்குத் தராசு வாங்கிக்கொண்டு மூட்டையைத் தொங்கவிட்டு எடை போட்டு எழுதுங்கள். சுழியம் என்று ஒருநாளும் வராது. பால் பாக்கெட் இருக்கும், மளிகை வந்த உறை இருக்கும், பூ வந்த பை இருக்கும். வராததை வந்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். 'உங்கள் வீட்டு விசேஷத்தில் இத்தனை கிலோதான் விழுந்தது' என்று எழுதிக் கொடுங்கள், அந்தச் சீட்டை அவர்கள் நாலு பேரிடம் காட்டுவார்கள்.

கழுவுவது

நம் பகுதி வறண்ட பூமி, ஊரணியை நம்பி வாழ்ந்த பூமி. குப்பையைக் குறைக்கிறேன் என்று தண்ணீரை வாரி இறைத்தால் அது சரியில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ விடாதீர்கள். மூன்று தொட்டி வையுங்கள்: முதலில் அலசல், இரண்டாவதில் தேய்ப்பு, மூன்றாவதில் நல்ல தண்ணீர். அலசல் தொட்டி அழுக்கானதும் அதை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிட்டு, மூன்றாவது தொட்டித் தண்ணீரை முதல் தொட்டிக்கு மாற்றி, மூன்றாவதில் புதுசு பிடியுங்கள். கடைசியாகக் கொதிநீரில் ஒரு முக்கு. அப்புறம் வெயில். சித்திரை வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறோமே, இந்தத் தொழிலில் அதுதான் கூலி வாங்காத ஆள். ஈரத்தோடு அடுக்கி மூட்டை கட்டினால் மறுநாள் வாடை வரும், அந்த வாடையோடு ஒரு விசேஷத்துக்குக் கொண்டுபோனால் அந்தத் தெருவையே மறந்துவிட வேண்டியதுதான்.

தேய்க்கப் பீர்க்கங்கூடும் தேங்காய் நாரும் போதும். சோப்புக்குப் பூந்திக்கொட்டை: கொட்டை எடுத்த தோல் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால்மணி நேரம் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்டினால் நுரை வரும், அதிலுள்ள சப்போனின்தான் அழுக்கை எடுக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள், புளித்துவிடும். பாயசக் கிண்ணத்தில் இருக்கும் நெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த் தூள் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பலைச் சலிக்காமல் எவர்சில்வரில் போட்டால் கீறல் விழும்.

தரை துடைக்க எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் நொதிநீர். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள், இல்லாவிட்டால் வாயு சேர்ந்து வெடிக்கும். அதனால்தான் இதற்குக் கண்ணாடி ஜாடி வேண்டாம் என்கிறேன், வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற பழைய பிளாஸ்டிக் கேனே பத்திரம். ஜூஸ் கடைக்காரரிடம் சொன்னால் தோல் சும்மாவே கொடுப்பார், ஆனால் தினமும் சொன்ன நேரத்துக்குப் போய் எடுத்தாக வேண்டும்.

இங்கே ஒன்றை மனசு விட்டுச் சொல்ல வேண்டும். 'எச்சில் பாத்திரம் கழுவுகிற தொழிலா' என்று வீட்டில் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள், ரொம்ப நாள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் யார் யார் வீட்டில் யார் கழுவினார்கள் என்கிற பழைய கணக்கு முழுவதும் இருக்கிறது. நான் செய்தது, முதல் ஒரு வருஷம் ஒவ்வொரு விசேஷத்திலும் நானும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினேன். கூட வருகிற பெண்களுக்குக் கூலியை அன்றைக்கே, வண்டி ஏறுவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். அவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதை விலை பேசும்போதே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். கையுறை, உட்கார முக்காலி, நிழல் இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வேலை எடுக்காதீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிற ஊரில் எனக்கு ஆள் நிற்பது இதனால்தான்.

தாம்பூலப் பையும் கொட்டானும்

அடுத்து லாபம் தருவது இது. பை என்றதும் புதுத் துணி வாங்கித் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வு, எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சாதாரணப் பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. பருத்தி விளைய அவ்வளவு தண்ணீரும் உரமும் போகிறது. ஏற்கெனவே நெய்து, உடுத்தி, பெட்டியில் கிடக்கிற சேலைக்கு அந்தக் கணக்கு வராது. ஒரு சேலையில் அளவைப் பொறுத்துப் பத்துப் பன்னிரண்டு சின்னப் பை எடுக்கலாம். விசேஷ வீட்டிலேயே கேளுங்கள், "அப்பத்தா சேலை ஏதாச்சும் கெடக்கா?" என்று. சொந்தப் பாட்டியின் கண்டாங்கிச் சேலையில் தைத்த பையில் தாம்பூலம் வாங்கிப்போகிற யாரும் அதைக் குப்பையில் போட மாட்டார்கள். நைந்துபோன முந்தானைப் பகுதியை விட்டுவிட்டு வெட்டுங்கள், பிடி வைக்கிற இடத்தில் சதுரம் போட்டுக் குறுக்கே தையல் விடுங்கள், தேங்காய் கனம் தாங்க வேண்டும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் வெறும் கட்டம் போட்ட துணியைக் கண்டாங்கி என்று சொல்லி விற்காதீர்கள்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்கத் தயாராக இருக்கிற வீட்டுக்குக் கொட்டான். பனை ஓலையில் பின்னுகிற இந்தக் கூடைதான் ஒருகாலத்தில் நம் விசேஷங்களில் வெற்றிலை பாக்கும் பலகாரமும் வைத்துக் கொடுக்கப் பயன்பட்டது. பின்னத் தெரிந்தவர்களே அருகிவந்த நிலையில், விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தது, இன்றைக்குச் செட்டிநாடு கொட்டானுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. நீங்கள் பின்னக் கற்றுக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டாலும் பின்னுகிற பெண்களையும் விசேஷ வீட்டையும் சேர்த்துவைக்கலாம். மூன்று மாதம் முன்னால் ஆர்டர் எடுங்கள், பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கி அப்படியே பின்னுகிறவரிடம் கொடுங்கள், நடுவில் நிறுத்தி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓலை ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும், அந்த மாதங்களில் கைவசம் சரக்கு வைத்திருந்தால் வெயில் அடிக்கிற நாளெல்லாம் எடுத்துக் காயவைக்க வேண்டும். விலையைக் குறைத்துக் கேட்கிறவர்களிடம் ஒரு கொட்டானுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று சொல்லுங்கள், அப்போதும் குறைக்கச் சொன்னால் துணிப்பையைக் காட்டுங்கள். பின்னுகிறவர் கூலியில் கைவைத்துக் குறைக்க வேண்டாம்.

சில்லறை வியாபாரமும் சட்டமும்

விசேஷம் இல்லாத நாளில் சும்மா இருக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் தூள், தரை துடைக்கும் நொதிநீர் இவற்றை அவரவர் கொண்டுவரும் டப்பாவில் நிரப்பிக் கொடுக்கலாம். முதல் தடவை வரும்போதே வெறும் டப்பாவை எடை போட்டு அடியில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள், அடுத்த தடவை கழித்துக்கொண்டால் போதும். தராசு காலம் தவறாமல் முத்திரை போட்டதாக இருக்க வேண்டும்.

உணவுப்பொருள் விற்பதாக இருந்தால், மசாலாப்பொடி ஆனாலும் சரி, சீப்புச்சீடை ஆனாலும் சரி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் தொடங்காதீர்கள். செக்கு எண்ணெயைச் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் மாநில அரசு விலக்கு அளித்தால் தவிர, சமையல் எண்ணெயை அடைத்து முத்திரையிடாமல் விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. அதேபோல் குளியல் சோப்பு, முகப்பூச்சு மாதிரியானவை அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும், தயாரித்து விற்க உரிமம் வேண்டும். பாத்திரத் தூளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பலகாரம் செய்கிறவர்களோடு சேர்ந்து எவர்சில்வர் சம்படத்தில் கொடுத்து, சம்படத்துக்கு முன்பணம் வாங்கி, திரும்பக் கொடுத்தால் பணத்தைத் திருப்புகிற முறையையும் செய்து பாருங்கள். தேன்குழலும் கைமுறுக்கும் காகிதப் பையைவிடச் சம்படத்தில்தான் நமுக்காமல் இருக்கும். உள்ளூருக்கு மட்டும் இது. வெளியூர் போன சம்படம் திரும்பி வராது.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் நீங்களே செய்யலாம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தொழில் பெயரில் தனி வங்கிக் கணக்கு அவசியம், வீட்டுச் செலவும் தொழில் செலவும் கலந்தால் ஐந்தொகை போடவே முடியாது. கடன் வேண்டுமானால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை உண்டு, நான் மேலே சொன்ன அளவுக்கு அதுவே ஏராளம். மகளிர் சுயஉதவிக்குழுவில் இருக்கிறவர்கள் முதலில் குழுக்கடனைப் பாருங்கள். பெரிதாகப் போகும்போது மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியத் திட்டங்களைக் கேட்கலாம். மானியத்துக்காகத் தொழிலைப் பெரிதாக்க வேண்டாம்.

ஆள் பிடிப்பது யார் வழியாக

சமையல்காரர், பந்தல்காரர், பத்திரிகை அச்சடிக்கிறவர், இந்த மூன்று பேருக்கும் விசேஷம் நடக்கப்போவது முன்னாலேயே தெரியும். அவர்களிடம் உங்கள் எண் இருக்க வேண்டும். பேசும்போது பூமியைக் காப்பாற்றுவதில் ஆரம்பிக்காதீர்கள். எனக்கும் அந்த அக்கறைதான் முதலில், அதற்காகத்தான் இந்தத் தொழிலே. ஆனால் மகள் கல்யாணத்தை மண்டையில் வைத்திருக்கிற ஒரு தாயாருக்கு அன்றைக்கு வேண்டியது, தண்ணீர் குறையாமல் வருமா, கூட்டிப் பெருக்க ஆள் உண்டா, மறுநாள் பின்வாசலில் ஈ மொய்க்காமல் இருக்குமா என்பதுதான். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தவும் வேண்டாம், தெரிந்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும், துணிமாதிரியே இருக்கிற நெய்யாத பையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 'பேப்பர் கப்தானே, பேப்பர்தானே' என்பவர்களிடம் ஒரு கப்பைக் கிழித்து உள்பூச்சை நகத்தால் உரித்துக் காட்டுங்கள், மெல்லிசாகத் தோல்போல வரும். பேச்சைவிட அது சட்டென்று உறைக்கும்.

இலையும் மிச்சச் சாப்பாடும் உங்கள் பொறுப்பில் வந்தால், மாடு ஆடு வைத்திருக்கிறவரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். இலை போடுகிற இடத்தில் ஒரு ஆள் நின்று பல்குச்சி, ஐஸ்கிரீம் கரண்டி, பீடா குத்தின குச்சி எல்லாவற்றையும் பொறுக்கியாக வேண்டும், மாட்டின் வாயைக் குத்திவிடும். சோறு அதிகம் கலந்த இலையை மாட்டுக்கு ஒரேயடியாகப் போட்டால் வயிறு உப்பிவிடும், சோற்றைத் தனியே வழித்துக் குழியில் போட்டுக் காய்ந்த சருகும் மண்ணும் மூடுங்கள். சருகு குறைந்தால் நாறும், நாறினால் சருகு சேருங்கள், உரம் போடுவதில் வேறு வித்தை எதுவும் இல்லை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஆடியில் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற நகரத்தார் காவடிக்கும் மற்றப் பாதயாத்திரைக் கூட்டத்துக்கும் வழியெல்லாம் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் நடக்கின்றன. அங்கே காசு பெரிதாக வராது. ஆனாலும் வருமானத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைக்கிற வழக்கம் இந்த மண்ணில் உண்டு, நான் அதை டம்ளராகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், கழுவ நாங்களே நிற்கிறோம். நடந்து வந்தவர்கள் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள், ஒருவரும் எடுத்துப்போவதில்லை. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் வீட்டில் அடுத்த தையில் கல்யாணம் இருக்கும்.

ஆடி முதல் வாரத்தில் எல்லா மூட்டையையும் பிரித்துப் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) பரப்பி வைத்து எண்ணுங்கள். ஒடுங்கியதைத் தட்டச் சொல்லுங்கள், ஓட்டை விழுந்ததைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டு அந்தப் பணத்தைப் பேரேட்டில் வரவு வையுங்கள், பேர் தேய்ந்ததை மறுபடி வெட்டக் கொடுங்கள். வரிசை எண் விட்டுப்போன இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்குப் புது டம்ளர் வாங்கிப் பையை முழுசாக்கி, பை வாயைக் கட்டி, மேலே எண்ணிக்கை எழுதிய சீட்டைத் தைத்துவிடுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் வந்து கேட்கும்போது மூட்டை அப்படியே வண்டியில் ஏற வேண்டும்.